கத்தி வைக்காத வைத்தியம்

எங்கள் அண்ணிக்கு வந்தது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். இப்போது பட்டென்று எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அந்த வியாதி' என்போம், இல்லையென்றால் 'வயித்துல கட்டி' என்போம். விசாரிக்க வருகிறவர்களிடம் 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள் அம்மா. ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி, அறுபதுகள் பிறந்த பிறகும் இழுத்த கதை இது. நினைத்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. அவ்வளவு நடந்திருக்கிறேன், அவ்வளவு பஸ் ஏறியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா போய்ப் பல வருஷமாகியிருந்தது. அண்ணன் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன், அதனால் எனக்குப் பாதி அண்ணன், பாதி அப்பா. நான் கல்யாணமாகாதவள், ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கும் இங்கிலீஷ் தெரியும்தான், மூட்டை, டன், சரக்கு என்கிற அளவில். டாக்டரிடம் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அந்த இங்கிலீஷ்தான் என்னை இதில் மாட்டிவிட்டது.

அண்ணிக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். குழந்தை இல்லை. இரண்டு தரம் உண்டாகித் தங்காமல் போனது. அம்மா அதைச் சொல்லிக் காட்டுவாள், அண்ணி கேட்காத மாதிரி இருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது என்றால் அது அண்ணியால்தான்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்றால் மூன்று நாள் பின்பக்கம் போய்விட வேண்டும். சமையலறைக்கு வெளியே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு குவளை. சாமி படம் இருக்கிற பக்கமே தலைகாட்டக்கூடாது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் பூசி, விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குள் நுழையலாம். கப்பலேறி இந்த ஊருக்கு வந்தபோது அம்மா எத்தனையோ பழக்கத்தை விட்டிருக்கிறாள். இதை மட்டும் விடவில்லை.

அண்ணியின் மூன்று நாள் ஐந்தாயிற்று, பிறகு பத்தாயிற்று. "அந்த வயசு வந்துட்டா அப்படித்தான் கண்டபடி வரும்," என்றாள் அம்மா. அப்புறம் மாசத்தில் பாதி நாள் அண்ணி பின்பக்கப் பாயில்தான். அம்மாவுக்குக் கோபம், ஏனென்றால் சமையல் முழுக்க அவள் தலையில் விழுந்தது. ரத்தம் ஏன் இப்படி வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணி தள்ளி உட்காருகிறாளா, பானையைத் தொடாமல் இருக்கிறாளா, அதுதான் பெரிய கவலை. ஒரு நாள் காலையில் குழாயடியில் மயங்கி விழுந்தாள். தூக்கப் போன எனக்கு அவள் சேலையிலிருந்து அழுகல் வாடை அடித்தது. அன்றைக்கே சிராங்கூன் ரோட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் ஒருவர் வந்தார், ஆண்பிள்ளை. அவரைப் பார்த்ததும் அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்கே வலி என்றால் "வயித்துல". எவ்வளவு நாளாக என்றால் "கொஞ்ச நாளா". டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ படித்த பெண்தானே, நீயே கேட்டுச் சொல் என்றார். கல்யாணமாகாத பெண் காதில் விழக்கூடாது என்று அம்மா இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததையெல்லாம், அந்த ஒரு காலையில் நான் இரண்டு மொழியிலும் பேசி முடித்தேன். வெட்கம் முதல் பத்து நிமிஷம் இருந்தது. அப்புறம் அதற்கும் அலுத்துப்போயிற்று.

கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் புருஷனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அண்ணன் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தான். டாக்டர் நிதானமாகச் சொன்னார், நான் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புற்று கர்ப்பப்பை வாயோடு நிற்கவில்லை. பக்கத்துச் சதைக்குள் இறங்கியிருக்கிறது, ஆனால் தூரத்துக்குப் போகவில்லை. இந்த நிலையில் அறுத்தால் முழுதாக எடுக்க வராது, மிச்சம் வைத்துவிட்டு மூட வேண்டியிருக்கும். அதனால் முதலில் எக்ஸ்ரே கொடுத்துச் சுருக்குவது, பிறகு ரேடியம் என்ற ஒன்றைக் கொஞ்ச நாள் உள்ளே வைத்து எடுப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம்.

"குணமாயிடுமான்னு கேளு," என்றான் அண்ணன்.

கேட்டேன். ஆகலாம் என்றார்.

"ஆகலாம்னா?"

"ஆகலாம்னா ஆகலாம்தான் அண்ணே. அதுக்கு மேல அவர் சொல்லமாட்டேங்கிறாரு."

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்த வைத்தியத்துக்குப் பிறகு உள்ளே தசை இறுகி, வழி சுருங்கிப்போகும். புருஷன் பெண்டாட்டி உறவு முன்பு போல இருக்காது, இதை இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் சொந்த அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. "இதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும்... முன்ன மாதிரி இருக்க முடியாதாம்," என்றேன் மேஜையைப் பார்த்து. அண்ணன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான். அண்ணிதான் பேசினாள். "இப்ப மட்டும் என்ன இருக்காம்? நான் படிக்கட்டுல படுத்து எத்தனை மாசமாச்சு, அதையும் சொல்லு அவருகிட்ட." அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கை கழுவிட்டானுங்க," என்றான். டாக்டர் கத்தி வைக்கமாட்டேன் என்றால் அவருக்கே நம்பிக்கையில்லை என்று அர்த்தம். துறைமுகத்தில் கூட வேலை செய்த ஒருவனுக்குக் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள், கொஞ்ச நாளில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டான். இன்னொருவனுக்கு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்கள், அவன் போய்ச் சேர்ந்தான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் அவனுக்கு? "வியாதி உள்ள இருக்கு. உள்ள இருக்கிறதை அறுத்து வெளிய போடணும். அதை விட்டுட்டுக் கரண்டு வைக்கிறானாம், கரண்டு!" எக்ஸ்ரே வைத்தியத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் கரண்டு. அந்தப் பேரைக் கேட்டே பாதிப் பேர் பயந்து ஓடினார்கள்.

டாக்டர் சொன்ன காரணத்தை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாய் வலித்ததுதான் மிச்சம். அண்ணன் கெட்டவன் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவனுக்குப் பயம். பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாத ஆம்பிளைக்கு அது கோபமாகத்தான் வரும். கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய தனியார் டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடமும் அண்ணியைக் காட்டினான். அவரும் பரிசோதித்துவிட்டு அதையே சொன்னார்: திறந்தால் மூடத்தான் வேண்டியிருக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபடி செய்யுங்கள். "எல்லாரும் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லி வெச்சிருக்கானுங்க," என்றான் அண்ணன்.

அடுத்தது கப்பல். "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்டா. மெட்ராஸ்ல அறுத்து எடுத்துருவாங்க," என்று அம்மா ஆரம்பித்தாள். கத்தியா, கரண்டா, கப்பலா என்று முன்கூடத்தில் தினமும் பேச்சு நடக்கும். வியாதிக்காரி பின்பக்கம் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது அண்ணி?" என்றேன்.

"என்னையா கேக்குற பாப்பா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "கரண்டே வைக்கட்டும். அந்த வெள்ளைக்காரரு என் முகத்தைப் பார்த்துப் பேசினாரு. மத்தவங்க எல்லாம் உங்க அண்ணன் முகத்தைப் பார்த்துல்ல பேசினாங்க? அப்புறம் அந்தக் கப்பல் இருக்கே, வரும்போதே வழி நெடுக வாந்தி எடுத்தவ நான். வியாதியில சாகுறேனோ இல்லையோ, அதுல ஏத்துனீங்கன்னா கண்டிப்பா செத்துருவேன்."

அதை அப்படியே போய் அண்ணனிடம் சொன்னேன். கப்பலில் இடம் கிடைக்க எப்படியும் நாளாகும் போலிருந்தது. அதுவரைக்கும் வேண்டுமானால் கரண்டு வைத்துக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்தான். அவனைப் பொறுத்தவரை அது வைத்தியமே இல்லை, கப்பல் வருகிறவரை பொழுதுபோக்கு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எப்படியோ ஆரம்பித்தால் சரி என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் காலையில் ஜாலான் புசாரில் பஸ் ஏறி, நடுவில் இறங்கி வேறு பஸ் மாறி, அவுட்ராம் ரோட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடப்போம். யந்திரத்துக்கு அடியில் படுக்கிறது சில நிமிஷம். பெஞ்சில் காத்திருக்கிறது காலைப்பொழுது முழுக்க. பிறகு அண்ணியைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, வேலைக்கு ஓடுவேன். கம்பெனியில் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தேன், ஆனால் பெரிய கிராணியின் முகம் தினமும் உம்மென்றுதான் இருக்கும். டைப் அடித்துக்கொண்டே தூங்கி வழிந்திருக்கிறேன். இரண்டாவது வாரத்திலேயே அண்ணிக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பஸ்ஸில் பாதி வழியில் என் கையைப் பிடித்து அழுத்துவாள். உடனே இறங்கி, கிடைத்த காப்பிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடிக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவேன். அந்த வழியில் இருந்த கக்கூஸ் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி.

முதல் நாளே அண்ணியின் அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். யந்திரத்தை எங்கே காட்ட வேண்டும் என்பதற்கு அடையாளம். கோடு அழியக்கூடாது. அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது, இறுக்கமாக எதையும் கட்டக்கூடாது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதை நான் அண்ணிக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். பாவாடை நாடா சரியாக அந்தக் கோட்டு மேலேயே அறுத்தது, அதனால் அண்ணி கைலியைத் தொளதொளவென்று உடுத்திக்கொண்டாள். வீட்டு மருமகள் கைலி கட்டி நடமாடுவதைப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டாள். குளிக்காமல் ஒரு பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்பதுதான் அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும், ரத்தம் நின்றுவிட்டது. வாடையும் குறைந்தது. டாக்டர் எதிர்பார்த்ததுதான், கட்டி சுருங்குகிறது, ஆனால் இது பாதி வழிதான் என்றார். அதை வீட்டில் சொன்னேன். யார் காதில் ஏறியது? அம்மாவுக்குக் கேட்டதெல்லாம் ரத்தம் நின்றது என்கிற ஒன்றுதான். ரத்தம் நின்றால் தலைக்கு ஊற்ற வேண்டும், ஊற்றினால் சுத்தம். சுத்தமானால் வியாதி ஏது? அவள் காலமெல்லாம் கண்ட கணக்கு அது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் வேலை முடிந்து படியேறும்போதே சாம்பிராணி வாசனை வந்தது. அண்ணி ஈரத்தலையில் துண்டு சுற்றி, முகத்தில் மஞ்சள் மினுங்க, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாவாடை கட்டி, சேலை உடுத்தியிருந்தாள். உள்ளே சாம்பார் கொதிக்கிறது, அண்ணன் முகத்தில் எத்தனையோ மாசத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநொடி அவள் இடுப்பைப் பார்த்தேன். "அண்ணி, கோடு?"

பின்பக்கம் கூட்டிப்போய்ப் பார்த்தேன். தலைக்கும் உடம்புக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மஞ்சள் கிழங்கை இழைத்துப் பூசி அம்மா தன் கையால் ஊற்றிவிட்டிருக்கிறாள். கோடு போன இடம் தெரியவில்லை. ஏற்கெனவே கன்றியிருந்த தோல் தேய்த்த தேய்ப்பில் உரிந்து, நாடா கட்டிய இடத்தில் நீர் கசிந்தது.

"ஏன் அண்ணி? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள். "அத்தை வெந்நீர் போட்டு வெச்சுட்டு வந்து கூப்பிடுறாங்க. இத்தனை வருஷத்துல அவங்க எனக்கு ஊத்துறேன்னு சொன்னதே இல்ல பாப்பா. எனக்கும் ஆசையா இருந்துச்சு."

நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். மில்லுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மாவுக்குப் புரியவே இல்லை. "பச்சைத்தண்ணியா ஊத்துனேன்? வெந்நீர்தானேடி," என்றாள். அவளிடம் என்ன பேசுவது? போய்ப் பாயில் விழுந்தேன். அன்றைய களைப்பு இன்னும் என் உடம்பில் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நல்ல திட்டு, எனக்குத்தான். மொழிபெயர்க்கிறவளைத் திட்டினால் எல்லாரையும் திட்டின கணக்காகிவிடுகிறது. தோல் வெந்து கொப்பளித்துவிட்டது, இதன் மேல் மறுபடி எக்ஸ்ரே காட்ட முடியாது, ஆறட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். ஆறுவதற்கு வாரக்கணக்கானது. டாக்டர் முகத்தில் கவலை தெரிந்தது. பாதியில் இடைவெளி விடுவது நல்லதில்லை என்றார். எப்படியோ தோல் ஆறி, மிச்ச எக்ஸ்ரேயையும் கொடுத்து முடித்தார்கள். அடுத்தது ரேடியம். மயக்கம் கொடுத்து உள்ளே வைப்பதால் புருஷன் கையெழுத்து வேண்டும்.

அண்ணன் போடமாட்டேன் என்றான். ரத்தம் நின்று ஆள் நடமாடுகிறாள், கரண்டு வைத்ததில்தான் உடம்பு துரும்பானது, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது. கப்பலில் வேறு இடம் கிடைத்துவிட்டது. ஊருக்குப் போய்க் கத்தி வைக்கிற டாக்டராகப் பார்த்துக்கொள்ளலாம். பிடித்த பிடியை விடவே இல்லை. அம்மாவும் அவன் பக்கம். நான் பேசினேன், அழுதேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சத்தியமாக நான் ஓய்ந்துபோனேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அண்ணி பின்பக்கம் பாய் விரித்து, தட்டையும் குவளையையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னாச்சு?" என்றாள் அம்மா எட்ட நின்று.

"மறுபடி வருது அத்தை."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. சாப்பாட்டைக் கொண்டுபோன என்னிடம் அண்ணி கண்ணைச் சிமிட்டினாள். "ஒரு சொட்டு இல்ல. யாரு வந்து பாக்கப்போறா?" என்று முணுமுணுத்தாள். அந்த வீட்டில் அவள் சொன்னால் கேட்க ஆளில்லை. ஆனால் தீட்டு என்று போய் உட்கார்ந்துவிட்டால் அவளை யாரும் தொட முடியாது, கூப்பிட முடியாது, கப்பலில் ஏற்ற முடியாது. அடுப்பு அம்மா தலையில். வாரம் தாண்டியது, அண்ணி அசையவில்லை. கடைசியில் அம்மாவே அண்ணனிடம் சொன்னாள்: "போய் அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துருடா. இவ இப்படியே உக்காந்திருந்தா நான் முதல்ல போயிருவேன்." அண்ணன் போனான், போட்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். உயிர் பிழைக்க ஒரு மனுஷி இப்படிப் பொய் சொல்ல வேண்டியிருந்ததே என்று இப்போதும் நெஞ்சு எரிகிறது.

ரேடியம் வைத்த அறையில் அண்ணி அசையாமல் மல்லாந்து கிடந்தாள். மிஸ்ஸிகள் வேகமாக வந்து வேகமாகப் போவார்கள், யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. நான் வாசலோடு நின்று பேச வேண்டும். "வீட்டுல அத்தை ஒதுக்கி வெச்சாங்க, இங்க வெள்ளைக்காரன் ஒதுக்கி வெச்சிருக்கான். எனக்கு அமைஞ்சது அப்படி," என்றாள். வலி இருந்திருக்கும். இடுப்பு கழன்றுபோகிற மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு தரம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தாள். பசாருக்குப் போய் மீன் பேரம் பேசினாள், என் சேலையைக் கிண்டல் செய்தாள். அண்ணன் சம்பளத்தன்று பூ வாங்கி வருவான். கத்தி வைக்காமலே குணமானதை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை. "அறுத்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்," என்பான் அடிக்கடி.

பிறகு உண்மையாகவே ரத்தம் வந்தது. இந்தத் தடவை அண்ணி பாயைத் தேடிப் போகவில்லை, நேராக என்னிடம் வந்து சொன்னாள். பழையபடி மூன்று பேரும் அதே டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அதே இடத்தில் திரும்ப முளைத்திருக்கிறது என்றார். தோல் ஆற விட்ட அந்த இடைவெளியால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு வீட்டில், தான் தண்ணீர் ஊற்றியதால்தானா என்று அம்மா கேட்டபோது 'இல்லை' என்று மட்டும் சொன்னேன். ஒரு தடவை கதிர் காட்டிய இடத்தில் மறுபடி அந்த அளவுக்குக் காட்ட முடியாதாம். வேறெங்கும் பரவவில்லை, அதனால் இப்போது ஒரு வழி மீதியிருக்கிறது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்.

ஆபரேஷன் என்கிற வார்த்தை அண்ணனுக்கு நேராகவே புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல? இப்பவாவது ஒத்துக்கிட்டானுங்களே!" அண்ணியின் தோளைத் தொட்டான். என் கண் முன்னால் அவன் அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பாவி, அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

"என்ன ஆபரேஷன்னு முழுசா கேளு பாப்பா," என்றாள் அண்ணி.

கேட்டேன். கர்ப்பப்பை, மூத்திரப்பை, சுற்றியிருப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மூத்திரம் வயிற்றில் ஒரு ஓட்டை வழியாகப் பையில் இறங்கும், ஆயுசு முழுக்க. கதிர் பட்ட சதை ஆறுவது கஷ்டம். மேஜையிலேயே போனவர்கள் உண்டு, பிழைத்து எழுந்தவர்களுக்கும் திரும்பி வந்தது உண்டு. சிலருக்குச் சில வருஷம் கிடைத்திருக்கிறது. செய்யாவிட்டால்? சில மாசம். வலிக்கு மருந்து கொடுப்போம் என்றார். ஒன்றையும் விடாமல், கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வேணாங்க."

"என்னடி வேணாம்? இத்தனை நாளு கெஞ்சினோம், இப்பத்தான் கத்தி வைக்கிறேங்கிறான். இவ்வளவும் பட்டுட்டு இப்ப வேணாங்கிற! அப்ப எதுக்காகப் பட்ட?"

"பிழைக்கத்தான் பட்டேன். ஆனமட்டும் பட்டாச்சு. இனிமே நான் படுறது எனக்காக இருக்காதுங்க, உங்க மனசு ஆறுறதுக்காகத்தான் இருக்கும். அதுக்கு என்கிட்ட தெம்பில்ல. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு அது போதும். மீதி அண்ணனுக்குச் சொன்னது, அது அவனுக்குத் தமிழிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள், மிஸ்ஸி அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டாள். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான்.

"சரி," என்றான். "வா, போவோம்."

அண்ணி வாயால் கேட்டு, அண்ணன் சரி என்று சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.